கம்பிக்கதவு போடப் போகிறீர்களா? மலையகத்து வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றில் என் அத்தை இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னர் அவர் வீட்டு வாசலுக்குக் கம்பிக்கதவு போட்டார்கள். கறுப்பு பெயிண்ட், நடுவில் சூரியகாந்திப் பூ, தட்டினால் கணீரென்று சத்தம். போன முறை நான் போனபோது செருப்பு முனை தெரியாமல் கீழ்ச்சட்டத்தில் பட்டது. பெயிண்டோடு சேர்ந்து தகடும் உள்ளே போய்விட்டது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரக் கோப்பித்தூள் மாதிரித் துரு. அந்தக் கதவுக்குக் கள்ளன் யாரும் வரவில்லை. மழைதான் வந்திருக்கிறது.

பழைய கதவைக் கழற்றிப் புதிதாக ஒன்று செய்து போடும் வேலை என் தலையில் விழுந்தது. நாலு வெல்டிங் பட்டறை, இரண்டு அலுமினியக் கடை ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை எல்லாம் வரிசைப்படி இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: யாரைத் தடுக்க இந்தக் கதவு?

கடைக்காரரைக் கேட்டால் எல்லாவற்றையும் தடுக்கும் என்பார். வீட்டில் உட்கார்ந்து நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். கம்பளை, நாவலப்பிட்டி, கண்டிப் பக்கம் என்றால் நுளம்பு பெரிய விஷயம். டெங்கு வருகிற இடங்கள். அங்கே சின்னக் கண் வலை இல்லாத கதவால் பாதிப் பயன்தான். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் நுளம்புத் தொல்லை குறைவு, குளிர்காற்றுத்தான் அதிகம். அங்கே மரக்கதவை எப்படியும் மூடித்தான் வைப்பீர்கள். ஆகவே வலையைவிடக் கம்பிக்கும் பூட்டுக்கும் காசு செலவழிப்பது புத்தி.

தோட்டத்து வீடுகளில் குரங்கும் ஒரு கள்ளன். கொண்டியைத் தூக்கப் பழகிய குரங்குகளைப் பார்த்திருக்கிறேன். சோற்றுப்பானை வரைக்கும் வந்துவிடும். காட்டை ஒட்டிய தோட்டங்களில் சிறுத்தை இரவில் இறங்கி நாயைத் தூக்குவதும் நமக்குப் புதிதல்ல. நாயை இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) கட்டுகிற பழக்கம் இருந்தால், அறை வாசலுக்குப் போடுவதா, இஸ்தோப்பையே அடைத்து அதற்குக் கதவு போடுவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றினால் இரட்டைச் செலவு.

எந்த வாசலுக்கு முதலில்?

காசு ஒரு கதவுக்குத்தான் இருக்கிறதென்றால் பின்வாசலுக்குப் போடுங்கள். முன்வாசல் நாலு பேர் பார்க்கிற இடம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) என்றால் பக்கத்துக் காம்பராக்காரர், அதாவது பக்கத்து அறைக்காரர், இருமினாலே கேட்கும். பின்னால் குசினிக் கதவு நாலு பலகையும் ஒரு கொக்கியுமாக இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் தேயிலை மலை. ஆனாலும் எல்லாரும் முன்வாசலுக்குத்தான் பூப்போட்ட கதவு வாங்குகிறோம். விருந்தாளி முன்வாசலால்தானே வருகிறார்!

விறகடுப்பு எரிகிற குசினியென்றால் இன்னொரு பயனும் உண்டு. கம்பிக்கதவைப் பூட்டிவிட்டுப் பலகைக் கதவைத் திறந்து வைத்தால் புகை வெளியே போகும்.

சுவரைப் பார்க்காமல் கதவைப் பார்க்காதீர்கள்

கதவை உடைப்பதைவிட நிலையோடு பிடுங்குவது சுலபம். பழைய லயங்களில் கருங்கல்லைச் சுண்ணாம்பு, மண் சாந்து வைத்துக் கட்டியிருப்பார்கள். அந்தச் சாந்தில் போல்ட் அடித்தால் அன்றைக்குப் பிடிக்கும், ஆறு மாதத்தில் கையால் ஆட்டலாம். 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீடுகளில் வேறு பிரச்சினை. சீமெந்துக் கல் உள்ளே வெற்றாக இருந்தால், விரிந்து பிடிக்கும் போல்ட் கல்லின் மெல்லிய சுவரை உடைத்துவிடும்.

இரண்டுக்கும் வழி இருக்கிறது. கருங்கல் சுவரென்றால் நிலையின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று இடத்தில் சுவரைக் குடைந்து, மீன்வால் மாதிரிப் பிளந்த இரும்புப் பட்டையை வைத்து 1:2:4 கொங்கிரீட் (சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நாலு) போட்டு இறுக்க வேண்டும். மூன்று நான்கு நாளாவது ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். அதற்குள் கதவைத் தொங்கவிடாதீர்கள். வெற்றுக் கல்லென்றால் போல்ட் வருகிற கல்லின் துளையை முதலில் கொங்கிரீட்டால் நிரப்பி, காய்ந்த பிறகு துளையிட வேண்டும். இதைச் சொன்னதும் சில பாஸ்மார் (கைவேலைக்காரர்) சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மரநிலை ஏற்கெனவே இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் அடிப்பாகத்தைக் குத்திப் பாருங்கள். நுனி மெத்தென்று இறங்கினால் அந்த நிலையில் எந்தக் கதவும் நிற்காது. நல்ல நிலையென்றாலும் ஸ்க்ரூ மரத்தோடு நின்றுவிடாமல் சுவருக்குள்ளும் போகிற நீளத்தில் இருக்க வேண்டும்.

லயக் காம்பராவில் சுவரைக் குடைவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வேலை பாதியில் நிற்பதற்கு அது பரவாயில்லை.

அளவு எடுப்பது

அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுங்கள். உயரத்தை இடமும் வலமும் எடுங்கள். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. குறுக்களவு இரண்டும் ஒன்றாக வந்தால் வாசல் சதுரம், அதாவது மூலைகள் நேர். அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் வாசல் கோணல். அதற்குள் கதவை அடக்கப் பார்க்காமல், தனி இரும்புச் சட்டம் செய்து சுவரின் வெளிமுகத்தில் பொருத்துங்கள். பழைய லயங்களில் நான் அளந்த எந்த வாசலும் சதுரமாக இருந்ததில்லை.

மரக்கதவு உள்ளே திறந்தால் கம்பிக்கதவு வெளியே திறக்க வேண்டும். இஸ்தோப்பில் அதற்கு இடம் இருக்கிறதா, செருப்புத் தட்டிலோ விறகுக் கட்டிலோ இடிக்குமா என்று பாருங்கள். கதவின் அடிக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குலம் விடுங்கள். மழைக்காலத்தில் இஸ்தோப்பில் தண்ணீர் தெறிக்கும். கதவின் கால் அதில் நிற்கக் கூடாது.

இரும்பா, அலுமினியமா?

இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் கட்சி இதுதான்: பக்கத்தில் நல்ல வெல்டிங் பட்டறை இருந்தால் இரும்பு. மழை வாசலில் நேரே அடிக்கிற வீடு, பெயிண்ட் அடிக்க ஆளில்லாத வீடு என்றால் அலுமினியச் சட்டத்தோடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை.

இரும்பு எடுத்தால் எல்லாம் பொக்ஸ் பாரின் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாயின்) கனத்தில் இருக்கிறது. வெளியே ஒரே மாதிரித் தெரியும். உள்ளே தகடு 1 மில்லிமீற்றரா 2 மில்லிமீற்றரா என்பது வெட்டினால்தான் தெரியும். வெட்டாமல் தெரிந்துகொள்ளத் தராசு போதும். 20 அடி நீளமுள்ள 1 அங்குலப் பொக்ஸ் பார் 1.2 மில்லிமீற்றர் தகட்டில் சுமார் 5½ கிலோ வரும். 1.5 மில்லிமீற்றர் என்றால் 6½ கிலோவைத் தாண்டும். ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுக்கிற தராசிலேயே வைத்துப் பார்க்கலாம். கடைக்காரர் முகம் மாறினால் விஷயம் புரிந்துவிடும்.

கதவின் வெளிச்சட்டத்துக்கு 1½ அங்குலம், 1.5 மில்லிமீற்றருக்குக் குறையாதது. 3 அடிக்கு 7 அடிக் கதவின் சுற்றளவு 20 அடி. அதாவது சட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு பார்தான். அந்த ஒரு பாரில் கனத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற காசு ஒரு மாதத் தேத்தண்ணிச் செலவுக்குக்கூட வராது. அத்தையின் பழைய கதவைச் செய்த பட்டறை அங்கேதான் மிச்சம் பிடித்திருந்தது.

நடுக்கம்பிக்குக் குழாய் வேண்டாம். 10 அல்லது 12 மில்லிமீற்றர் சதுரக் கம்பி, உள்ளே வெற்றில்லாதது. கம்பிக்குக் கம்பி 3 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். 4 அங்குலம் விட்டால் குட்டிக் குரங்கு புகுந்துவிடும், குழந்தை தலையை விட்டுப் பார்க்கும். 12 மில்லிமீற்றர் கம்பியில் செய்தால் கதவு 40 கிலோ வரைக்கும் போகும். பிணைச்சல் (கீல்) வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இனித் துரு. பொக்ஸ் பார் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து துருப்பிடிப்பது அதிகம். இரவில் பனி இறங்கும், குழாய்க்குள் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகும், அது அடிச்சட்டத்தில் போய்த் தேங்கும். வெளியே எத்தனை பூச்சு அடித்தாலும் அதற்குத் தெரியாது. திறந்த முனைகளையும் மூட்டுகளையும் முழுக்க வெல்டிங் வைத்து மூடச் சொல்லுங்கள். அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி விட்டால் அதன் வழியே மழை இறங்கும். அதோடு அடிச்சட்டத்தின் கீழ்ப்பக்கம் இரண்டு மூலையிலும் 6 மில்லிமீற்றர் துளை ஒவ்வொன்று போடச் சொல்லுங்கள். உள்ளே இறங்கின தண்ணீர் அதன் வழியே போய்விடும். பட்டறைக்காரர் மறக்கிற முதல் விஷயம் இது. நாகம் (சிங்க்) பூசிய பார் வாங்கினாலும் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும். அங்கே கம்பித் தூரிகையால் தேய்த்துச் சிங்க் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

பெயிண்ட் அடிக்க நாள் பார்க்க வேண்டும், கலியாணத்துக்குப் பார்க்கிற மாதிரி. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை. அங்கே பெப்ரவரியும் மார்ச்சும் நல்லவை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை மழை குறைந்த காலம். எந்த ஊரானாலும் காலைப் பனி விலகி இரும்பு கைக்குச் சூடாகத் தெரிந்த பிறகுதான் தூரிகையைத் தொட வேண்டும். ஈர இரும்பில் அடித்த பெயிண்ட் துருவை உள்ளே வைத்து மூடின மாதிரி. துருத் தடுக்கும் பூச்சு இரண்டு கை, அதன் மேல் எனாமல் இரண்டு கை.

அலுமினியத்துக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் சட்டம் மெல்லியதாக இருந்தால் கடப்பாரை நுனிக்கு வெண்ணெய் மாதிரி. வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லுங்கள், 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் அது நுளம்புக் கதவு, பாதுகாப்புக் கதவு என்று பெயர் வைக்க முடியாது. மூலைகளில் வெறும் ரிவெட் அடித்திருக்கிறார்களா, உள்ளே மூலைத்துண்டு வைத்து இறுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வலை

கடைகளில் மூன்று வகை இருக்கும். பிளாஸ்டிக் பூசிய கண்ணாடிநார் வலை நுளம்புக்கு மட்டும். சவரக் கத்தி போதும் கிழிக்க. மெல்லிய அலுமினிய வலையும் அப்படித்தான், பூனை நகம் பட்டாலே கோடு விழும். மூன்றாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நெசவு வலை. பாதுகாப்புக்கென்று செய்தது அங்குலத்துக்கு 11 கண்ணும் 0.8 மில்லிமீற்றர் கம்பியுமாக வரும். அதன் ஓட்டை 1½ மில்லிமீற்றர். நுளம்பும் நுழையாது, கத்தியும் சுலபத்தில் அறுக்காது.

அதில் 304, 316 என்று இரண்டு தரம் சொல்வார்கள். 316இல் மொலிப்டினம் கலந்திருக்கும், உப்புக்காற்றைத் தாங்கும், விலையும் கூட. நீர்கொழும்பிலோ மட்டக்களப்பிலோ கடலோரம் வீடு இருந்தால் அது வேண்டும். மலையில் உப்பு எங்கே இருக்கிறது? 304 தாராளம். கையில் ஒரு காந்தத் துண்டு கொண்டு போங்கள். 304 கம்பியில் காந்தம் லேசாக இழுக்கும் அல்லது இழுக்கவே இழுக்காது. பட்டென்று ஒட்டிக்கொண்டால் அது சாதாரண இரும்புக் கம்பிக்குப் பூச்சுப் போட்டதாகவோ மட்டமான ஸ்டெயின்லெஸ்ஸாகவோ இருக்கும்.

வலையை விடவும் வலையைச் சட்டம் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதுதான் விஷயம். சட்டக் காடியில் வலையை வைத்து றப்பர் பீடிங்கை (மெல்லிய றப்பர் பட்டியை) அழுத்தினால் ஒரு உதையில் வலை முழுதாக உள்ளே போய் விழும். கம்பி ஒன்றுகூட அறுந்திருக்காது. வலையின் நாலு ஓரத்தையும் பட்டை வைத்து ஸ்க்ரூவால் நெருக்கமாக நசுக்கிப் பிடித்திருக்க வேண்டும், ஸ்க்ரூத் தலை உள்பக்கம் இருக்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் வலை நேராகப் படக் கூடாது. ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். நடுவில் றப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்கிறதா பாருங்கள்.

அவுஸ்திரேலியாவில் இந்தக் கதவுகளுக்கென்றே ஏ.எஸ். 5039 என்று ஒரு தரம் இருக்கிறது. மோதிப் பார்ப்பது, கடப்பாரையால் நெம்புவது, கத்தியால் அறுப்பது, இழுப்பது என்று கதவைப் படாதபாடு படுத்திப் பார்க்கிற சோதனை. அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் முழுக் கதவுக்கும் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். வலைக்கு மட்டும் சான்று வைத்துக்கொண்டு கதவை விற்கிறவர்கள் உண்டு.

அத்தைக்கு நான் செய்தது இரண்டும் கலந்தது: இரும்புச் சட்டம், சதுரக் கம்பி, உள்பக்கம் ஸ்டெயின்லெஸ் வலையைத் தட்டைப் பட்டை வைத்து ஸ்க்ரூ. வலை கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கறுப்பு நிற வலை எடுங்கள். வெள்ளிநிற வலை வெயிலில் பளபளத்து வெளியே பார்க்க விடாது.

பூட்டும் பிணைச்சலும்

வெளியே திறக்கிற கதவின் பிணைச்சல் வெளியே தெரியும். ஆணியைத் தட்டிக் கழற்றலாம், அல்லது தூக்கிப் போடுகிற வகையென்றால் கதவையே தூக்கிச் சாய்க்கலாம். ஆணியின் இரண்டு முனையையும் வெல்டிங் வைத்துவிடுங்கள். 40 கிலோ கதவுக்கு மூன்று பிணைச்சல், 4 அங்குலத்துக்குக் குறையாதது. பிணைச்சல் பக்கத்துச் சட்டத்தில் இரண்டு சின்னக் கம்பித் துண்டுகளை நீட்டிவைத்து, கதவை மூடும்போது நிலையில் உள்ள துளைக்குள் போகிற மாதிரிச் செய்தால், பிணைச்சலையே அறுத்தாலும் கதவு வராது. பட்டறையில் பத்து நிமிட வேலை.

பூட்டு மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் பிடிக்கிறதாக இருந்தால் நல்லது. ஒரே இடத்தில் பிடிக்கும் பூட்டென்றால் கதவின் மேல்மூலையை வளைத்து இடைவெளி எடுக்கலாம். தொங்கு பூட்டு போடுகிறவர்கள் பூட்டைப் பெரிதாக வாங்கிவிட்டு, மாட்டுகிற நாதாங்கியைத் தகரத்தில் வாங்குகிறோம். வளையம் 10 மில்லிமீற்றர் என்றால் நாதாங்கியும் அந்தக் கனத்தில் வெல்டிங் வைத்ததாக இருக்கட்டும்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது. உள்ளே இருந்து சாவி தேடாமல் திறக்க வேண்டும். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் கூரை வழியே வரிசையே எரிகிறது. வருடா வருடம் பார்க்கிறோம். மண் சரிவும் அப்படித்தான், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கின மாதிரி. நள்ளிரவில், கரண்ட் போன இருட்டில், தலையணைக்குக் கீழே சாவியைத் துழாவுகிற கதவு கள்ளனைவிட ஆபத்தானது. ஆகவே வெளியே சாவி, உள்ளே கையால் திருகுகிற குமிழ். கம்பிக்குள் கைவிட்டுக் குமிழைத் திருகிவிடுவானே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பூட்டைச் சுற்றி ஒன்றரை அடிக்கு உள்பக்கம் தகடு வைத்து மூடுங்கள். பாதுகாப்பு வலை இருந்தால் அதுவே கையைத் தடுக்கும். வீட்டில் ஆச்சியும் சின்னப் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு திறந்து காட்டட்டும். அவர்களால் முடியாவிட்டால் அந்தப் பூட்டு வேண்டாம். முன்வாசலுக்கு மட்டும் அல்ல, குசினிக்கும்.

பாஸிடம் பேசுவது

சதுர அடிக்கு இத்தனை என்று விலை சொல்வார்கள். 3 அடிக்கு 7 அடி என்றால் 21 சதுர அடி. அந்த விலைக்குள் நிலைச்சட்டம், பூட்டு, பிணைச்சல், பெயிண்ட், லொறிக் கூலி, சுவர் பூசுகிற வேலை எது எது அடங்கும் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். பாரின் கனம், கம்பியின் கனம், அடித்துளை எல்லாம் அதில் இருக்கட்டும். முற்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். பூச்சுக்குக் கீழே எந்த மூட்டும் அழகாகத்தான் தெரியும்.

கதவு பொருத்தின அன்றைக்குப் பார்க்க வேண்டியது

கதவைப் பாதி திறந்து விடுங்கள். தானாக மூடினாலோ திறந்தாலோ நிலை சாய்ந்திருக்கிறது. பூட்டி, மேல்மூலையையும் கீழ்மூலையையும் பிடித்து இழுங்கள். ஒரு விரல் நுழைகிற இடைவெளி வரக் கூடாது. நிலையைத் தோளால் முட்டிப் பாருங்கள், சாந்து உதிர்ந்தால் காசைப் பிடித்து வையுங்கள். அப்புத்தளை மாதிரிக் காற்றடிக்கிற இடமென்றால் திறந்த கதவைச் சுவரோடு பிடிக்க ஒரு கொக்கி கட்டாயம்; இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே பிணைச்சல் ஆடிவிடும்.

அப்புறம் வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், சோப்புத் தண்ணீரில் வலையைக் கழுவி, பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டு, அடிச்சட்டத்தைச் சாவியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மங்கிக் கேட்கிற இடத்தில் துரு இருக்கிறது. அடித்துளையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.

அத்தை வீட்டுப் புதுக்கதவு பொருத்தி இரண்டாவது கிழமை நல்ல மழை. விடிந்ததும் கோல் வந்தது. "தம்பி, இவ்வளவு காசு குடுத்துச் செஞ்ச கதவு அடியால ஒழுகுதுப்பா."

"ஒழுகட்டும் அத்தை" என்றேன்.